கவசத்துக்குள் இருந்த கூந்தல்

'பெர்செபோலிஸ்' சித்திர நாவலின் முதல் கட்டத்தில் பத்து வயதுச் சிறுமி ஒருத்தி கறுப்பு முக்காட்டுக்குள் உட்கார்ந்திருக்கிறாள். ஆண்டு 1980. அடுத்த கட்டம் அவளுடைய வகுப்புப் படம். தோழிகள் வரிசையாகத் தெரிகிறார்கள். அவள் மட்டும் ஓரத்தில், கட்டத்தின் கோட்டுக்கு வெளியே போய்விட்டாள். அதே பக்கத்தின் கீழே பிள்ளைகள் முக்காட்டை உருவி ஸ்கிப்பிங் ஆடுகிறார்கள், குதிரைக்குக் கடிவாளம் போடுகிறார்கள், பூச்சாண்டி காட்டுகிறார்கள். ஒரு துணிக்கு ஒரே பொருள்தான் என்று பெரியவர்கள் முடிவுசெய்த நாளிலேயே பிள்ளைகள் அதை வேறு கதைகளாக்கிவிடுகிறார்கள்.

இதை வரைந்த மர்ஜானே சத்ரபி 1969-ல் ஈரானின் ரஷ்த் நகரில் பிறந்து தெஹ்ரானில் வளர்ந்தவர். 1994-ல் பிரான்சுக்குப் போனவர். 2000 முதல் 2003 வரை நான்கு தொகுதிகளாகப் பிரெஞ்சில் வந்த இந்த நூலைப் புரட்சியின் சாட்சியமாகத்தான் முதலில் வாசித்தேன். அதற்குள் பாரசீகப் பழங்கதைகள் ஓடிக்கொண்டிருப்பது இரண்டாம் வாசிப்பில்தான் கண்ணில் பட்டது. தலைப்பே அப்படித்தான். பெர்செபோலிஸ் என்பது கிரேக்கர்கள் வைத்த பெயர். ஈரானியர்கள் அந்த இடிபாடுகளைத் தக்தே ஜம்ஷீத் என்கிறார்கள். ஜம்ஷீத் என்ற புராண அரசனின் அரியணை.

கதையில் வரும் சிறுமி தானும் ஓர் இறைத்தூதர் ஆகப் போவதாக நம்புகிறாள். ஜரதுஷ்டிரரின் நெறிகளை எடுத்துக்கொண்டு தனக்கென்று ஒரு புனித நூல் எழுதுகிறாள். எந்த முதியவரும் வலியால் துன்பப்படக் கூடாது என்பது அதில் ஒரு விதி. காரணம், பாட்டிக்கு முழங்கால் வலி. இது எப்படி நடக்கும் என்று பாட்டி கேட்கிறாள். வலிக்குத் தடை போட்டுவிடுவேன் என்கிறாள் பேத்தி. புராணமும் வீட்டுக்கதையும் இப்படி ஒரே பாயில் உட்கார்ந்திருப்பதுதான் சத்ரபியின் உலகம். 2004-ல் வந்த அவருடைய 'பெருமூச்சு' என்ற நூல் நேராகவே நாட்டார் கதைதான். இளைய மகள் கேட்ட விதை கிடைக்காத வணிகன் 'ஆ' என்று பெருமூச்சு விடுகிறான். அந்த மூச்சே ஓர் உருவமாக எதிரே வந்து நிற்கிறது. அடக்கி வைத்த மூச்சு உருவம் எடுத்து வரும் என்பதைப் பெண்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

நூலின் கடைசி அத்தியாயத்தில் வரும் ஒரு நிகழ்ச்சிதான் என்னை நிறுத்தியது. தெஹ்ரானில் கலை படித்த சத்ரபியும் அன்றைய கணவரும் பட்டப்படிப்புக்காக ஒரு பெரிய திட்டம் வரைகிறார்கள்: ஈரானியப் புராண வீரர்களை வைத்து ஒரு கேளிக்கைப் பூங்கா. ஆசிரியர்கள் முழு மதிப்பெண் தருகிறார்கள். திட்டம் மாநகராட்சி அலுவலகம் வரை போகிறது. அங்கே நின்றுவிடுகிறது. முக்காடு இல்லாத புராணப் பெண்களை எப்படி நிறுத்துவது? அரசுக்கு வேண்டியது மதச் சின்னங்கள்; புராணம் அல்ல.

அந்தப் பூங்காவில் நான் நிறுத்திப் பார்க்கும் பெண் குர்தாஃபரீத். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் தூஸ் நகரத்து ஃபிர்தௌசி எழுதி முடித்த 'ஷாநாமா' காவியத்தில் வருபவள். சோராப் படையோடு வந்து வெள்ளைக் கோட்டையை முற்றுகையிட்டு, கோட்டையின் வீரனைச் சிறைபிடிக்கிறான். அப்போது கோட்டைத் தலைவனின் மகள் கவசம் பூட்டி, கூந்தலைத் தலைக்கவசத்துக்குள் ஒளித்து, தனியாகக் களத்துக்கு வருகிறாள். சண்டையில் தலைக்கவசம் கழன்று கூந்தல் அவிழ்கிறது. எதிரே நிற்பது ஒரு பெண் என்று சோராப் திகைக்கிறான். அவள் திகைக்கவில்லை. ஒரு பெண்ணோடு இவ்வளவு நேரம் போரிட்டாய் என்று உன் படையே சிரிக்கும். வா, கோட்டையைத் தருகிறேன் என்று பேச்சுக் கொடுத்து வாயில்வரை அழைத்து வருகிறாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திவிட்டு மதில்மேல் ஏறிச் சிரிக்கிறாள்.

கூந்தலை மறைத்ததும் அவள்தான், முடிவும் அவளுடையதுதான். அது அவிழ்ந்தபின்னும் அவள் தோற்கவில்லை. கண்ணகியின் விரிந்த கூந்தலை ஆண்டுதோறும் பாடம் நடத்தும் எனக்கு இந்தச் சிரிப்பு புதிது. நம் காவியத்தில் அவிழ்ந்த கூந்தல் துயரத்தின், சினத்தின் அடையாளம். இங்கே அது தந்திரத்தின் தொடக்கம்.

அந்த அலுவலகத்தில் நின்றுபோன பூங்காவைச் சத்ரபி பிறகு காகிதத்தில் கட்டினார் என்றே நினைக்கிறேன். அதில் குர்தாஃபரீதின் இடத்தில் பாட்டி இருக்கிறாள். தினமும் காலையில் மல்லிகையைப் பறித்து உள்ளாடைக்குள் வைத்துக்கொள்ளும் பாட்டி. மதிய உணவுக்குப்பின் சமோவாரைச் சுற்றிப் பெண்களை உட்காரவைத்து, கணவர்களையும் காதலர்களையும் கன்னித்தன்மையைத் தைத்துத் தரும் அறுவைசிகிச்சையையும் பற்றிப் பேசவிடும் பாட்டி. 'எம்பிராய்டரி' என்ற இன்னொரு நூல் முழுக்க அந்தப் பேச்சுத்தான்.

அதே பாட்டி ஒருநாள் வெடிக்கிறாள். உதட்டுச் சாயத்தோடு தெருவில் நிற்கும் இளம் மர்ஜானே காவலர் வண்டி வருவதைப் பார்க்கிறாள். தப்பிப்பதற்காக, அந்தப் பக்கம் சும்மா உட்கார்ந்திருந்த ஓர் ஆள் தன்னிடம் ஆபாசமாகப் பேசியதாகக் காட்டிக்கொடுக்கிறாள். அவனை இழுத்துப் போகிறார்கள். வீட்டுக்கு வந்து இதைச் சிரிப்புக் கதையாகச் சொல்ல, பாட்டி அவளைக் கிழித்துவிடுகிறாள். பின்னால் பல்கலைக்கழகக் கூட்டமொன்றில் உடை விதிகளை எதிர்த்து மர்ஜானே எழுந்து கேள்வி கேட்டபிறகுதான் பாட்டி மன்னிக்கிறாள். அடக்குமுறை பிள்ளையைப் பயமுறுத்தியதுகூடப் பாட்டிக்குப் பொறுக்கிறது. அந்தப் பயத்தை அவள் இன்னொருவன் தலையில் இறக்கியது பொறுக்கவில்லை.

இதை முதுகலை மாணவிகளோடு வாசித்தேன். ஒருத்தி, "பாவம்மா அந்த முஸ்லிம் பெண்கள்" என்றாள். 1936-ல் இதே ஈரானில் ரெஸா ஷா முக்காட்டைத் தடைசெய்ததையும், காவலர்கள் தெருவில் பெண்களின் தலைத்துணியைப் பிடுங்கியதையும் சொன்னேன். 1979 மார்ச் 8 அன்றே பெண்கள் கட்டாய முக்காட்டை எதிர்த்துத் தெருவில் இறங்கியதையும் சொன்னேன். துணி அல்ல, கட்டாயம்தான் கேள்வி. 2022-ல் மாசா அமினி காவலில் இறந்தபின் பெண்கள் பொதுவெளியில் கூந்தலை வெட்டினார்கள். 'ஷாநாமா'வில் கணவன் கொல்லப்பட்டதும் ஃபரங்கீஸ் கூந்தலை வெட்டி இடுப்பில் கட்டிக்கொள்வாள். பழைய கதை செத்துப்போகவில்லை.

அப்போது இன்னொருத்தி கேட்டாள். "அம்மா, தெருவில மர்ஜானேயை நிறுத்துன அந்தப் பெண் காவலர்கள் வீட்டுக்குப் போய்த் தங்களோட மகள்கிட்ட என்ன சொல்லுவாங்க?"

அவள் என்னைக் குத்திக்காட்டவில்லை. ஆனால் எனக்குப் பதில் வரவில்லை. முன்பு வேறொரு கல்லூரியில் மூன்று ஆண்டுகள் நான் ஒழுங்குக் குழுவில் இருந்தேன். காலையில் வாசலில் நிற்பேன். துப்பட்டா இரண்டு தோளிலும் குத்தியிருக்க வேண்டும், முடி பின்னியிருக்க வேண்டும். கைப்பையில் ஊக்குப் பெட்டி இருக்கும். இல்லாதவர்களுக்கு நானே குத்திவிடுவேன். அதை அன்பு என்றும் நினைத்துக்கொண்டேன். ஒருநாள் தலைக்குக் குளித்துவிட்டு ஈர முடியோடு ஓடிவந்த மாணவியை எல்லோர் முன்னும் நிறுத்திப் பின்னவைத்தேன். சொட்டிய ஈரத்தில் அவள் முதுகு முழுக்க நனைந்திருந்தது. முதல் மணிநேரத் தேர்வு அவளுக்குப் போய்விட்டது.

அங்கே சவுக்கு இல்லை, சிறை இல்லை. ஈரானையும் அந்த வாசலையும் ஒன்று என்று சொன்னால் அது அந்தப் பெண்களுக்குச் செய்யும் அநியாயம். ஆனால் பாட்டியின் கோபம் அந்த வேறுபாட்டைக் கேட்டுக்கொண்டு நிற்காது. எனக்கு அப்போது பணி நிரந்தரம் ஆகவில்லை. குழுவில் இருக்க மறுக்கப் பயந்தேன். என் பயத்தைப் பதினெட்டு வயதுப் பெண்ணின் ஈரத் தலைமேல் இறக்கினேன்.

இதை அன்றே வகுப்பில் சொன்னேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு அந்த மாணவி, "அந்த அக்காவை அப்புறம் பார்த்தீங்களாம்மா?" என்றாள். இல்லை. பெயர்கூட நினைவில் இல்லை. நினைவில் இருப்பது முதுகு மட்டும். வகுப்புப் படத்தில் வெட்டுப்பட்ட சிறுமியைப் போல.

இப்போது நான் இருக்கும் இடத்திலும் வாசலில் யாரோ நிற்கிறார்கள். அந்த முறை எனக்கு வந்தபோது மறுத்து, காரணத்தையும் எழுதிக் கொடுத்தேன். விதி மாறவில்லை. ஊக்குப் பெட்டி என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. செருப்பு அறுந்தவர்கள், கொக்கி விட்டுப்போனவர்கள் வந்து கேட்கிறார்கள். கேட்டால் கொடுக்கிறேன்.