விலைக்கு வந்த வீடும் விடுபட்ட பங்கும்

11 ஆண்டுகளாக வாடகை வீட்டில் வாழ்கிறோம். வட்டிக் கடன் வாங்காமலேயே சொந்த வீடு அமைய வேண்டும் என்ற உறுதியால், கைக்காசு சேரும்வரை காத்திருந்தோம். மேலப்பாளையத்தில் ஒரு பழைய வீடு 40 லட்சத்துக்கு விலைக்கு வந்திருப்பதாகத் தரகர் சொன்னபோது எங்களிடம் 38 லட்சம் இருந்தது. சிறிது நகையை விற்றால் போதும். அல்லாஹ் வழியைத் திறந்துவிட்டான் என்றே எண்ணினோம்.

அந்த வீட்டை மூன்று முறை சென்று பார்த்தோம். முதல் முறை காலையில், வெளிச்சமும் காற்றும் எப்படி என்று அறிவதற்காக. இரண்டாம் முறை மழை பெய்த மறுநாள், சுவரில் ஓதம் ஏறுகிறதா, கூரை ஒழுகுகிறதா என்று அறிவதற்காக. முன்கூடத்தில் தறிக்குழியை மூடிச் சிமெண்டு பூசிய தடம் தெரிந்தது. ஒரு காலத்தில் அங்கே கைத்தறி ஓடியிருக்கிறது. கிணற்று நீர் சற்றே உப்பு. அதுவும் பெரிதாகப் படவில்லை. பின்னறையில் தொழுகை விரிப்பை எந்தப் பக்கமாக விரிப்பது என்றுகூட முடிவு செய்துவிட்டோம். பிள்ளைகள் ஆளுக்கோர் அறையைத் தங்களுக்குள் பிரித்துக்கொண்டார்கள்.

மூன்றாம் முறை அஸருக்குப் பின் போனோம். அக்கம்பக்கத்தாரை அறிந்துகொள்ள அதுவே நல்ல நேரம். அடுத்த வீட்டு மூதாட்டி எங்களை உட்கார வைத்துத் தேநீர் கொடுத்தார். பேச்சின் நடுவே, "இந்த வீட்டுப் பொம்பளப் பிள்ளைக்குச் சொல்லியாச்சா?" என்று கேட்டார்.

விற்பவர்கள் அண்ணன் தம்பி இருவர் என்றுதான் தரகர் சொல்லியிருந்தார். பத்திரம் அவர்களுடைய மறைந்த தந்தையின் பெயரில் இருந்தது. தாயாரும் உயிரோடு இல்லை. வில்லங்கச் சான்றிதழில் எந்தச் சிக்கலும் இல்லை. ஆனால் வில்லங்கச் சான்றிதழ் பதிவான ஆவணங்களை மட்டுமே காட்டும். தந்தை இறந்தபோதே மகளுக்குச் சேர்ந்துவிட்ட பங்கை அது காட்டாது. அதற்கு வாரிசுச் சான்றிதழைப் பார்க்க வேண்டும். அதை நாங்கள் கேட்கவே இல்லை.

மூத்தவரிடம் கேட்டோம். "அவளுக்குத்தான் கல்யாணத்துல நகை போட்டாச்சே. அவ கேக்கவும் மாட்டா" என்றார்.

திருமணத்தில் கொடுத்தது அன்பளிப்பு. வாரிசுப் பங்கோ, திருக்குர்ஆனின் அந்நிஸா அத்தியாயம் 11ஆம் வசனத்தில் அல்லாஹ்வே வகுத்துத் தந்த கடமை. ஆணுக்கு இரண்டு பங்கு, பெண்ணுக்கு ஒரு பங்கு. இரு மகன்களும் ஒரு மகளும் என்றால் மொத்தம் ஐந்து பங்கு. 40 லட்சத்தில் 8 லட்சம் அந்தச் சகோதரிக்கு உரியது. நம் நாட்டில் 1937ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டப்படியும் முஸ்லிம்களின் வாரிசுரிமைக்கு இதுவே கணக்கு. அவர் கையெழுத்திடாமல் நாங்கள் வாங்கினால், ஐந்தில் ஒரு பங்கு எங்களுடையதாகாது. பிறருடைய நிலத்தில் ஒரு சாண் அளவை அநியாயமாக எடுத்துக்கொள்வது பற்றிய நபி (ஸல்) அவர்களின் எச்சரிக்கை நாம் அறியாததன்று.

இஸ்திகாரா தொழுது பாருங்கள் என்று உறவினர் ஒருவர் சொன்னார். ஆகுமான இரண்டில் எது நன்மை என்று தெரியாதபோது அல்லாஹ்விடம் கேட்பது இஸ்திகாரா. இங்கே ஆகாதது எதுவென்பது கண்ணெதிரே தெரிந்தது.

சகோதரர்களிடம் மீண்டும் சென்றோம். கேட்ட விலையைக் குறைக்க மாட்டோம். தங்கையும் விற்பவராகக் கையெழுத்திட வேண்டும். அவருடைய 8 லட்சத்தை அவர் கையிலேயே தருவோம் என்றோம். "நீங்க வீடு வாங்க வந்தீங்களா, பங்கு பிரிக்க வந்தீங்களா?" என்று கேட்டுவிட்டு மூத்தவர் எழுந்துகொண்டார். பேச்சு அத்தோடு முடிந்தது.

திரும்பி வரும் வழியில் எங்களுக்குள் ஒருவிதப் பெருமிதம் இருந்தது என்பதை மறைக்கப்போவதில்லை. இரவு உணவின்போது அது கரைந்தது. எங்கள் 38 லட்சத்தில் 15 லட்சம், மறைந்த மாமனாரின் கடையை விற்றதில் வந்தது. அவருக்கு ஒரு மகன், ஒரு மகள். மாமியார் அவருக்கு முன்பே வஃபாத்தாகிவிட்டார். மூன்றில் ஒரு பங்கு, அதாவது 5 லட்சம், நாத்தனாருக்குச் சேர வேண்டியது. அவர் கேட்கவில்லை. கேட்காததையே சம்மதம் என்று எடுத்துக்கொண்டோம். அந்த மூத்தவர் சொன்ன சொல்லை நாங்கள் வாய்விட்டுச் சொல்லவில்லை. வேறுபாடு அவ்வளவுதான்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் நாத்தனார் வீட்டுக்குப் பணத்துடன் போனோம். முதலில் மறுத்தார். "இது நாங்கள் தருவதல்ல, உங்களுடையது" என்றோம். வெகுநேரம் பேசாமல் இருந்தவர், "மகன் காலேஜ் பீஸுக்கு யார்ட்ட கேக்கன்னு தெரியாம இருந்தேன்" என்றார். ஒரே குடும்பமாகப் பெருநாளுக்குப் பெருநாள் கூடியிருந்தும் அது எங்களுக்குத் தெரியாமல் போயிற்று.

இப்போது கையில் 33 லட்சம் இருக்கிறது. இன்னும் வாடகை வீட்டில்தான் இருக்கிறோம். வீடு பார்ப்பதையும் விடவில்லை. ஆனால் சுவரைத் தட்டிப் பார்ப்பதற்கு முன், "உங்களுடன் பிறந்தவர்கள் எத்தனை பேர்? சகோதரிகளும் கையெழுத்திடுகிறார்களா?" என்று கேட்டுவிடுகிறோம். வீடு பார்க்கும் சகோதர சகோதரிகளே, நீங்களும் அதைக் கேளுங்கள். கேட்பதற்கு முன் உங்கள் வீட்டுக் கணக்கையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

பிறர் உரிமை கலவாத வீட்டை நம் அனைவருக்கும் அல்லாஹ் தந்தருள்வானாக. ஆமீன்.