‘டக்’ என்று ஒரு சத்தம்!

ஓம் விதி என்றதும் நம்மில் பாதிப் பேருக்குக் கொட்டாவி வந்துவிடும். வோல்ட்டேஜ் என்பது கரண்ட்டையும் ரெஸிஸ்டென்ஸையும் பெருக்கினால் வருவது. பரீட்சையில் 2 மார்க், அவ்வளவுதானே? ஆனால் அந்த 2 மார்க் சமாச்சாரம் ஒரு குடும்பத்தின் பிழைப்பையே காப்பாற்றும் என்பதை நான் கண்ணால் பார்த்தேன்.

1912-க்கு முன்பெல்லாம் காரைக் கிளப்ப, முன்பக்கம் கைப்பிடியைச் செருகிச் சுற்ற வேண்டும். என்ஜின் திருப்பி உதைத்தால் மணிக்கட்டு போச்சு! அந்த ஆண்டுதான் காடிலாக் காரில் சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய மின்சார ஸ்டார்ட்டர் வந்தது. நம்மூரில் அதற்குச் செல்லப் பெயர் ‘செல்ஃப்’. ஒரு ஹெட்லைட் பல்புக்கு 5 ஆம்பியர் போதும். செல்ஃபுக்கோ 200 ஆம்பியர்கூட வேண்டியிருக்கும். இந்தக் கணக்கை மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

என் தாய்மாமா செங்கல்பட்டில் டாக்ஸி ஓட்டுகிறார். திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரத்துக்குச் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் செல்வார். பல நாள் ராத்திரி கடலோரத்திலேயே வண்டியில் படுத்து, விடியலில் ஏர்போர்ட் சவாரி எடுப்பார். அந்த டீசல் வண்டி திடீரென்று அடம்பிடிக்க ஆரம்பித்தது. சாவியைத் திருகினால் ‘டக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான்! செல்ஃப் எடுக்காது. மெக்கானிக்கிடம் கொண்டுபோனாலோ முதல் திருகிலேயே சமர்த்தாகக் கிளம்பும். புது பேட்டரி போட்டார்கள். செல்ஃபைக் கழற்றிக் கார்பன் பிரஷ் மாற்றினார்கள். பத்தே நாளில் மறுபடி ‘டக்’. விமானத்துக்கு நேரமான ஒரு குடும்பம் வேறு வண்டி பிடித்துப் போய்விட்டது. “இன்னொரு வாட்டி இப்டி ஆச்சுன்னா உங்களக் கூப்பிட மாட்டோம்” என்று சொல்லிவிட்டார் லாட்ஜ்காரர்.

“புது செல்ஃபே போட்டுடலாம்னு சொல்றாங்க மாப்ளே. அத்தை கம்மலத்தான் அடகு வைக்கணும்” என்றார் மாமா. வண்டித் தவணை வேறு தலைக்கு மேல்.

“ஒரு வாரம் பொறுங்க மாமா” என்று சொல்லி ஒரு சின்ன நோட்டைக் கொடுத்தேன். வண்டி எடுக்காத நேரத்தை அதில் குறிக்க வேண்டும். எழுதுவது மாமாவுக்குக் கஷ்டம் என்பதால், என்ஜின் சூடாக இருந்தால் வட்டம், ஆறியிருந்தால் கோடு. எட்டு நாளில் நாலு தடவை நின்றது. நாலும் கோடு! நாலும் விடியற்காலை!

ஆறிப்போன டீசல் என்ஜினைச் சுழற்ற அதிகக் கரண்ட் வேண்டும். மெக்கானிக் கடைக்கோ வண்டி ஓடிச் சூடாகித்தான் வரும். அங்கே கோளாறு எப்படித் தெரியும்?

அந்தச் சனிக்கிழமை ராத்திரி மல்டிமீட்டரோடு நானும் போய் வண்டியில் படுத்தேன். காலை 5 மணி. பேட்டரி 12.6 வோல்ட், முழு சார்ஜ். சாவியைத் திருகியதும் ‘டக்’. ஹெட்லைட் லேசாகத்தான் மங்கியது. பேட்டரி சோர்ந்திருந்தால் லைட் செத்தே போயிருக்கும். மீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும், மறுமுனையை என்ஜின் பிளாக்கிலும் வைத்தேன். பூஜ்யம் காட்டியது. “இப்போ திருகுங்க மாமா!” என்றேன். 6 வோல்ட்! அரை வோல்ட்டுக்கு மேல் காட்டவே கூடாத இடம் அது.

என்ஜின் ரப்பர் மவுண்டிங் மேல் உட்கார்ந்திருக்கிறது. ஆகவே கரண்ட் பேட்டரிக்குத் திரும்ப, என்ஜினுக்கும் பாடிக்கும் நடுவே பின்னிய செம்புப் பட்டை ஒன்று உண்டு. டார்ச் அடித்துக் கீழே பார்த்தால், பட்டையில் பாதி இழைகள் அறுந்து, முனையெல்லாம் பச்சைக் களிம்பு! 0.03 ஓம் தடை இருந்தால் போதும், 200 ஆம்பியர் ஓடும்போது 6 வோல்ட் அங்கேயே காலி. அதே தடையில் 5 ஆம்பியர் ஓடினால் 0.15 வோல்ட்தான் குறையும், யாருக்கும் தெரியாது. ஜம்பர் கேபிளால் என்ஜினையும் பேட்டரி நெகட்டிவையும் நேராக இணைத்தேன். உடனே செல்ஃப் எடுத்தது!

எல்லாம் கடல் உப்பின் வேலை. கடற்கரைக் கோயிலின் கல்லையே அந்தக் காற்று அரிக்கிறது. தொல்லியல் துறை காகிதக் கூழைப் பூசிக் கல்லிலிருந்து உப்பை உறிஞ்சி எடுக்கிறது. கல்லுக்கே அந்தக் கதி என்றால் செம்புக் கம்பி எம்மாத்திரம்? புதுப் பட்டை வாங்கி, மாட்டுகிற இடத்தை உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து, முடுக்கி, மேலே கிரீஸ் தடவினோம். உப்பு செய்த வினையை உப்புத்தாளே தீர்த்தது! அத்தையின் கம்மலும் காதிலேயே தங்கியது.

மெக்கானிக்குகளை நான் குறை சொல்லவில்லை. அவர்கள் கண்முன் அந்த வண்டி ஒருநாளும் தப்பே பண்ணவில்லையே! நாளைக்கு நாமும் ஒர்க்‌ஷாப்பில் நிற்கப் போகிறவர்கள். கரண்ட் ஓடாத கம்பியில் மீட்டர் எப்போதும் நல்ல சேதிதான் சொல்லும். லோடு ஓடும்போது அளந்து பாருங்கள். பார்ட்ஸை மாற்றுவது அதற்கப்புறம். வண்டிக்காரரிடம் “இன்னா கோளாறு?” என்று கேட்பதோடு நிறுத்தாமல், “எப்போ எப்போ வருது?” என்றும் கேளுங்கள். பாதி விடை அவரிடமே இருக்கும்.