பாட்டிலில் வளர்ந்தது யாருடைய கிருமி?

ப்ளட் கல்ச்சர் பாசிட்டிவ் என்று வந்தால் ரத்தத்தில் கிருமி இருக்கிறது, அவ்வளவுதான் என்று நானும் நினைத்துக் கொண்டிருந்தேன். மைக்ரோபயாலஜி லேபுக்கு போஸ்டிங் போன முதல் வாரமே அந்த நம்பிக்கை போய்விட்டது. பாட்டிலில் கிருமி இருந்தது நிஜம். ஆனால் அது நோயாளியின் ரத்தத்திலிருந்து வந்ததா, ஊசி குத்திய இடத்துத் தோலிலிருந்து வந்ததா?

மெஷின் செய்யும் குழப்பத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், அது சுலபம். பேக்டெக், பேக்ட்-அலர்ட் மாதிரி மெஷின்கள் கிருமியை நேரடியாகப் பார்ப்பதில்லை. கிருமி வெளிவிடும் கார்பன் டை ஆக்சைடைத்தான் பார்க்கின்றன. வெள்ளை அணுக்களும் அதே வாயுவை விடுமே! ரத்தப் புற்றுநோயால் வெள்ளை அணு எக்கச்சக்கமாக ஏறியிருந்தாலோ, பாட்டிலில் அளவுக்கு மீறி ரத்தம் விட்டிருந்தாலோ சும்மாவே அலாரம் அடிக்கும். கிராம் ஸ்டெயினில் ஒன்றும் இருக்காது. அதற்காகப் பாட்டிலைத் தூக்கிப் போட முடியாது. ஸ்லைடில் கண்ணுக்குப் பட மில்லிக்கு 1 லட்சம் கிருமியாவது வேண்டும். அதனால் அகார் தட்டில் சப்கல்ச்சர் போட்டுவிட்டு, பாட்டிலை மறுபடி மெஷினில் வைக்க வேண்டும்.

நிஜமான தலைவலி தோல் கிருமிகள்தான். கோஆகுலேஸ் நெகட்டிவ் ஸ்டெஃபைலோகாக்கஸ், மைக்ரோகாக்கஸ், கொரினிபாக்டீரியம், பேசில்லஸ் என்று ஒரு பட்டாளம். ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ், ஈ.கோலை, கேண்டிடா மாதிரி வந்தால் ஒரே பாட்டிலில் வந்தாலும் நிஜம் என்றே எடுத்துக் கொள்கிறோம். கோஆகுலேஸ் நெகட்டிவ் வந்தால் பெரும்பாலும் கலப்படம். பெரும்பாலும், எப்போதும் இல்லை. சென்ட்ரல் லைன் போட்டவர், செயற்கை வால்வு வைத்தவர், குறைமாதக் குழந்தை, இவர்களிடம் அதே கிருமி உயிருக்கு உலை வைக்கும். அதிலேயே லக்டுனென்சிஸ் என்று ஒன்று உண்டு. பெயரளவில்தான் கோஆகுலேஸ் நெகட்டிவ், குணத்தில் ஆரியஸின் பங்காளி.

அப்படியானால் எப்படிப் பிரிப்பது? மைக்ரோஸ்கோப்பில் இரண்டும் ஒரே கொத்துத் திராட்சைதான். சீக்கிரம் வளர்ந்தால் நிஜம், 24 மணி தாண்டி மெதுவாக வந்தால் கலப்படம் என்பது ஒரு குறிப்பு மட்டுமே. நம்பகமான சாட்சி எண்ணிக்கைதான். இரண்டு கைகளில் தனித்தனியாகக் குத்தி, கைக்கு இரண்டு பாட்டில், பெரியவர்களுக்கு பாட்டிலுக்கு 8 முதல் 10 மில்லி. நாலில் ஒன்றில் மட்டும் வந்தால் ஒரு அர்த்தம், இரண்டு கையிலும் அதே கிருமி வந்தால் வேறு அர்த்தம்.

நம் ஊரில் வருவது என்ன? பல இடங்களில் ஒரே பாட்டில், அதில் 3 மில்லி. பாட்டில் காசு நோயாளி தலையில், அதனால் இரண்டாவது கேட்க டாக்டருக்கே கூச்சம். அந்த ஒற்றைப் பாட்டில் பாசிட்டிவ் ஆனால் யாராலும் எதுவும் சொல்ல முடியாது. பயத்தில் வான்கோமைசின் ஆரம்பிப்பார்கள். கிட்னியைக் கவனிக்க வேண்டும், கூடுதலாக நாட்கள் படுக்க வேண்டும். மிச்சம் பிடித்த ஒரு பாட்டில் காசு எங்கே, இந்த பில் எங்கே! அலட்சியமாக விட்டாலோ, அது நிஜமாக இருந்துவிட்டால் போச்சு.

எங்கள் லேபில் ஒரு சீனியர் டெக்னீஷியன் அக்கா ஸ்லைடு பார்த்ததும் போனை எடுத்துவிடுவார். "எந்தக் கையில எடுத்தீங்க சிஸ்டர்? லைன்லேர்ந்தா, நரம்புலேர்ந்தா? காய்ச்சல் இருக்கா?" இந்த மூன்று கேள்விக்கு விடை தெரியாமல் 'கலப்படமாக இருக்கலாம்' என்ற வரி ரிப்போர்ட்டில் ஏறாது. அந்த வரி ஏறினால் எந்த மருந்து கேட்கும் என்ற பட்டியலும் போகாது. ஏனென்றால் பட்டியலைப் பார்த்தால் யாராவது ஒருவர் அந்த மருந்தைக் கொடுத்தே தீருவார்! தட்டை மட்டும் எடுத்து வைத்திருப்பார். அடுத்த பாட்டிலிலும் அதே கிருமி வந்தால் முழு டெஸ்ட்டும் போடுவார்.

கிருமிநாசினியையே சந்தேகப்பட வேண்டிய நேரமும் உண்டு. 1980-ல் நியூயார்க்கில் பல நோயாளிகளின் ப்ளட் கல்ச்சரில் சூடோமோனாஸ் செபேசியா (இப்போது பர்க்கோல்டேரியா) வந்தது. தேடிப் பார்த்தால் தோலைத் துடைத்த பொவிடோன் அயோடினுக்குள்ளேயே அது குடியிருந்தது.

மற்றபடி தடுப்பதெல்லாம் வார்டில்தான். குளோர்ஹெக்சிடின் ஆல்கஹாலால் 30 விநாடி தேய்த்துக் காயவிட வேண்டும், காய்ந்த பிறகு நரம்பைத் தடவிப் பார்க்கக் கூடாது. பாட்டிலின் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினால் உள்ளே ரப்பர் சுத்தம் என்று பலர் நம்புகிறார்கள். இல்லை, அதையும் ஸ்பிரிட்டால் துடைக்க வேண்டும். கலப்படம் 3 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது பழைய கணக்கு. சரியாகச் செய்தால் 1 சதவீதத்துக்கு இறக்கலாம் என்கிறது சி.எல்.எஸ்.ஐ.யின் 2022 வழிகாட்டி. எங்கள் லேபில் மாதாமாதம் வார்டு வாரியாக எண்ணுகிறார்கள். எப்போதும் முதலிடம் கேஷுவாலிட்டிக்குத்தான். ராத்திரி இரண்டு மணிக்கு அங்கே ஒரு சிஸ்டர் எத்தனை பேரைப் பார்க்கிறார் என்பதையும் அந்தக் கணக்கில் ஒரு காலமாகச் சேர்க்கலாம் என்று தோன்றும்.