கிளாசும் பட்டையும்

'சொம்மெலியே' என்று ஒரு வேலை இருக்கிறது. பெரிய ஓட்டல்களில் எந்தச் சாப்பாட்டுக்கு எந்த ஒயின் என்று சொல்லி, பாட்டிலைத் திறந்து ஊற்றிக் கொடுக்கிற வேலை. மோந்து பார்த்தே என்ன திராட்சை, எந்த மண் என்று கண்டுபிடிக்கப் பழகியவர்கள். இன்றைக்கு அது படித்துப் பட்டயம் வாங்கிச் செய்கிற உத்தியோகம். ஆனால் அந்தப் பிரெஞ்சுச் சொல்லின் வேர், பொதி சுமக்கிற மிருகம். பிரபுக்களின் தட்டுமுட்டுச் சாமான்களைப் பொதியேற்றி ஓட்டிப்போன வேலைக்காரனின் பெயர் அது. பொதிக்காரன் பெயர் அங்கே மரியாதையாகிவிட்டது. இங்கே 'மரமேறி' இன்னும் வசவு.

இதை எனக்குச் சொன்னது, போன பங்குனியில் ஐந்து நாள் எங்கள் வீட்டில் தங்கியிருந்த அக்கா. ஷாம்பெய்ன் விளைகிற சீமையில், ரேன்ஸ் நகரத்தில் சொம்மெலியே. அவருடைய பூட்டன் எங்கள் பாகூர்ப் பக்கத்துச் சேரிக்காரர். 1881-இல் பிரெஞ்சு அரசாங்கம் புதுச்சேரியில் ஒரு ஆணை போட்டது. சாதி வழக்கத்தை விட்டுவிட்டேன் என்று எழுதிக் கொடுத்து, புதுக் குடும்பப் பெயர் எடுத்துக்கொண்டால் பிரெஞ்சுச் சட்டத்துக்குள் வரலாம். நம்ம ஜனங்க நிறையப் பேர் கையெழுத்துப் போட்டார்கள். சொல்தாவாகி இந்தோசீனா வரைக்கும் போனார்கள். அப்படிப் போன வம்சம். பூட்டன் பிறந்த தெருவைப் பார்க்க வந்தவரை, ஓட்டலில் எதற்கு என்று நான்தான் சேரிக்கு அழைத்து வந்தேன்.

தோழர் ஒருத்தர் கேட்டார்: "குடியப் பத்தி எழுதப் போறியா? அண்ணல் தொடாத வஸ்து." சாராயக் கடை முன்னால் பெண்களோடு நானும் உட்கார்ந்து மறியல் செய்தவள்தான். தாலியை அறுத்த குடியை எனக்குத் தெரியும். ஆனால் ருசி என்று ஒன்று இருக்கிறது. அது நமக்கில்லை, நமக்கு வெறி மட்டும்தான் என்று எவன் தீர்மானித்தான்?

அக்கா பெட்டியில் சேலைக்கு நடுவே சுற்றி ஒரு பாட்டில் கொண்டுவந்திருந்தார். மீன்காரம்மாவிடம் ஐஸ் வாங்கி, குண்டானில் போட்டு, தண்ணீரும் ஒரு கை உப்பும் சேர்த்துக் குளிர வைத்தார். ஒருதரம் நொதித்த ஒயினில் சர்க்கரையும் ஈஸ்ட்டும் சேர்த்துப் பாட்டிலில் அடைத்துவிடுகிறார்கள். உள்ளேயே மறுபடி நொதிக்கிறது. கிளம்புகிற காற்றுக்குப் போக வழியில்லாமல் ஒயினிலேயே கரைந்து கிடக்கிறது. கார் டயரில் இருப்பதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் அழுத்தமாம். அந்தக் காலத்தில் நிலவறைகளில் பாட்டில் வெடிக்கும்; வேலைக்காரர்கள் முகத்துக்கு இரும்புக் கூண்டு மாட்டிக்கொண்டு போவார்கள். மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டு பாட்டிலைத்தான் திருப்பினார் அக்கா. சினிமாவில் வருகிற வெடிச்சத்தம் இல்லை. ஒரு பெருமூச்சு, அவ்வளவுதான்.

எவர்சில்வர் டம்ளர் கூடாது, கண்ணாடி வேணும் என்றார். தம்பி ஊர்த் தெரு டீக்கடைக்கு ஓடி நாலு கிளாஸ் கேட்டான். பேப்பர் கப் கொடுத்து அனுப்பினார்கள். இரட்டைக் குவளை ஒழிந்துவிட்டது என்று அதிகாரிகள் எழுதிக்கொள்வது இந்தப் பேப்பர் கப்பை வைத்துத்தான். அம்மா பரணிலிருந்து என் கல்யாணத்துக்கு வந்த கண்ணாடி டம்ளர்களை இறக்கி, தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். அக்கா சிரித்தார். குமிழ் சும்மா கிளம்பாதாம். துடைத்த துணியின் நூல், கண்ணுக்குத் தெரியாத தூசு, இதெல்லாம் ஒட்டியிருக்கிற இடத்திலிருந்துதான் சரம்சரமாகக் கிளம்புமாம்.

"அப்ப ரொம்பச் சுத்தமா கழுவுனா நொர வராதா?"

"வராதும்மா."

தீட்டுப் பார்க்கிறவனுக்குச் சொல்லித்தர வேண்டிய இயற்பியல்!

மறுநாள் விடிகாலை கள் வந்தது. பாகூர் புதுச்சேரியில் இருப்பதால் இது குற்றமில்லை. கொஞ்ச தூரம் தாண்டினால் தமிழ்நாடு. அங்கே 1987-லிருந்து கள்ளுக்குத் தடை, 2003-லிருந்து பாட்டில் சரக்கை விற்பது அரசாங்கமே. அக்கா பனங்கள்ளை மோந்து, வாயில் சுழற்றி, கண்ணை மூடிக்கொண்டார். ரொட்டி மாவு மணம், மோர்ப் புளிப்பு, அடியில் இளநொங்கு என்று சொல்லிக்கொண்டே போனார். எங்க ஆயாவும் இப்படித்தான். நடவு முடிந்து வந்து ஒரு வாய் குடித்ததும், இது தெற்குக் கரை மரம், இது நேத்துக் கள்ளு என்று சொல்லிவிடும். ஆயாவுக்குச் சேரியில் கிடைத்த பேர் 'குடிகாரி'.

அம்மா ஒன்று சொன்னாள். கள்ளுக்கடையில் ஊர்க்காரங்களுக்குக் கிளாஸ், நமக்குப் பனவோலைப் பட்டை. ஊத்துறவன் கை எட்ட நின்னு ஊத்துவான். ஆயா மட்டும், "கிளாஸ்ல குடிச்சா கள்ளுக்கு வாசன ஏது, பட்டதான் ருசி" என்று சொல்லிக்கொண்டிருக்குமாம். அது ருசியா, வீம்பா?

அக்கா விடவில்லை. தம்பியை ஓலை வெட்டி வரச் சொன்னார். கிளாசில் பாதி, பட்டையில் பாதி மாற்றி மாற்றிக் குடித்தார். ஷாம்பெய்னுக்கே ஒல்லி கிளாஸை விட்டு வாய் அகன்றதற்குப் பலர் மாறிவிட்டார்களாம், மணம் விரியட்டும் என்று. "உங்க ஆயா சொன்னது சரி."

"சரியாவே இருக்கட்டும். மொதல்ல கிளாஸக் குடுத்துட்டு, அப்புறம் எது ருசின்னு கேட்டிருக்கணும்" என்றாள் அம்மா.

கள் இறக்குகிற அண்ணன் இதையெல்லாம் கேட்டுக்கொண்டு திண்ணை ஓரம் நின்றிருந்தார். பழைய கலயத்தின் வண்டல்தான் சாற்றைப் பொங்க வைக்கிறது என்று அவர் சொல்ல, எங்கள் பாட்டிலிலும் வண்டலோடு மாசக்கணக்கில் கிடக்கும் என்று அக்கா சொல்ல, இரண்டு பேரும் ஒரு மணி நேரம் தொழில் பேசினார்கள். நான்தான் நடுவில் தடுமாறினேன்.

"அங்க பழம் பறிக்கிறது யாருங்க?"

அக்கா கொஞ்சம் சும்மா இருந்தார். ஷாம்பெய்ன் திராட்சையைக் கையால்தான் பறிக்க வேண்டும் என்பது விதி. 2023 செப்டம்பர் வெயிலில் பறிக்கப் போனவர்களில் சிலர் செத்தார்கள். அதே அறுவடைக்கு மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்திருந்த ஐம்பதுக்கும் மேற்பட்டவர்களைத் தொழுவம் மாதிரி இடத்தில் அடைத்து வேலை வாங்கியதற்காக 2025 ஜூலையில் மூன்று பேருக்குத் தண்டனை ஆனது.

"அவங்க குடிச்சிருப்பாங்களா இத?"

"இல்லண்ணே."

அண்ணன் அரிவாள் பெட்டியை இடுப்பில் கட்டிக்கொண்டு அடுத்த மரத்துக்குப் போனார். அதில் கட்டியிருந்தது சுண்ணாம்பு தடவின கலயம், பதநீருக்கு.