ஐந்து பேருக்கு இடமில்லை என்று சொன்னேன்

அந்த அறையில் ஐந்து பேர் தாராளமாகப் படுக்கலாம். அது தெரிந்தேதான், நான்கு பேருக்கு மேல் விடமாட்டார்கள் என்று என் அம்மாவிடம் சொன்னேன். 2024 அக்டோபரில் பிள்ளைகளின் காலாண்டு விடுமுறைக்கு ராமேஸ்வரம் போனோம். நான், மனைவி, இரண்டு பிள்ளைகள். இரண்டு ராத்திரி தங்கல். அம்மா போடியில் வீட்டைப் பார்த்துக்கொண்டு இருந்தாள்.

நான் ஏலக்காய் வியாபாரத்தில் கணக்கு எழுதுகிறவன். அம்மா அதே ஏலக்காயைச் செடியிலிருந்து எடுத்தவள். நாற்பது வருஷம் விடியும் முன் ஜீப் ஏறி, முந்தல் தாண்டி, பதினேழு கொண்டை ஊசி வளைவும் சுற்றி, போடிமெட்டு செக்போஸ்ட் கடந்து பூப்பாறைப் பக்கம் வேலைக்குப் போய் வந்தவள். சேலைக்கு மேலே அப்பாவின் பழைய சட்டை, தலையில் துண்டு, கையில் தூக்குவாளி. ஏலச்செடியில் காய் தலையில் காய்க்காது. தூரில், மண்ணை ஒட்டிச் சரம் விட்டுத்தான் காய்க்கும். குத்தவைத்து நகர்ந்து நகர்ந்துதான் எடுக்க வேண்டும். மழைக்காலத்தில் காலெல்லாம் அட்டை ஏறும். மருந்தடித்த செடிக்கு அடியில் மூஞ்சியை வைத்துக்கொண்டு பகல் முழுக்கக் கிடக்க வேண்டும். கிலோ ஏலக்காய் 7,000 ரூபாய் வரை ஏலம் போன 2019ஆம் வருஷம்தான் அவள் கடைசியாக மலையேறியது. அந்த வருஷம் அவள் கூலி நானூற்றுச் சொச்சம்.

எங்கள் ஊர் வழியாக மலையேறும் அந்தச் சாலை கொச்சியில் தொடங்கி, மூணாறு, போடிமெட்டு, தேனி, மதுரை என்று இறங்கி தனுஷ்கோடி வரை போன சாலை. நெடுங்காலம் அதற்கு 49 என்று ஒரே எண். இப்போது எண்ணைப் பிரித்துவிட்டார்கள். நம்மூரில் 85, மதுரைக்குக் கிழக்கே ராமேஸ்வரத்துக்குப் பிரிகிற பாதை 87. வயசுப் பெண்ணாக இருக்கும்போது அம்மா ஒருநாள் ஜீப் டிரைவரிடம், "அண்ணே, இந்த ரோடு கீழ எங்கன போயி முடியுது?" என்று கேட்டாளாம். "ராமேசுவரம் கடலுக்குள்ள போயி முடியுது" என்று அவர் சொன்னாராம். இதை அவள் சொல்லி நான் பலமுறை கேட்டிருக்கிறேன். அந்தச் சாலையின் மலை முனையை வாழ்நாளெல்லாம் மிதித்தவள், மறுமுனையைப் பார்த்ததில்லை. அப்பா போன பிறகு, அக்கினி தீர்த்தத்தில் அவர் பேரைச் சொல்லி ஒரு முங்கு முங்க வேண்டும் என்பதும் அதோடு சேர்ந்துகொண்டது.

இதெல்லாம் தெரிந்த பிறகுதான் நான் அந்தப் பொய்யைச் சொன்னேன்.

செப்டம்பரிலேயே ரூம் தேட ஆரம்பித்தேன். அக்டோபர் 2 மகாளய அமாவாசை. அதை ஒட்டி ராமேஸ்வரத்தில் அறை கேட்டால் என்ன வாடகை சொல்வார்கள் என்பது போய் வந்த யாருக்கும் தெரியும். ஆகவே இரண்டு நாள் தள்ளி, வெள்ளி, சனி என்று வைத்துக்கொண்டேன். கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் விசாரித்தால் வாடகை குறைந்திருந்தது, சத்தம் குறையாது. விடிகாலை ஸ்படிகலிங்க தரிசனத்துக்கும் அக்கினி தீர்த்தத்துக்கும் போகிற கூட்டம் மூன்றரை, நாலு மணியிலிருந்தே நடமாட ஆரம்பித்துவிடும். ஆட்டோ சத்தம், இருபத்திரண்டு தீர்த்தமும் ஆடிவிட்டு ஈரத்துணியோடு திரும்புகிறவர்களின் பேச்சு. சில சத்திரங்களில் என்ன சமூகம் என்று கேட்டுவிட்டுத்தான் வாடகையே சொன்னார்கள். கடைசியில் தங்கச்சிமடத்தில், மெயின் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி, தென்னந்தோப்புக்குள் ஒரு வீட்டு அறை அகப்பட்டது. ஒரு ராத்திரிக்கு 1,600. கோயிலுக்கு பஸ்ஸில் போய் வந்துகொள்ளலாம். ராத்திரி கடல் காற்றும் ஓலைச் சத்தமும்தான் என்று அந்த வீட்டம்மா போனில் சொன்னார்.

முதலில் நான் ஐந்து பேர் என்றுதான் சொன்னேன். "அதுக்கென்ன தம்பி, எக்ஸ்ட்ரா மெத்தை ஒண்ணு போட்டுறலாம், முந்நூறு ரூவா குடுங்க. பெரியவங்கன்னா கீழ் ரூமே தர்றேன்" என்றார். வீட்டில் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று வைத்தேன். யாரிடமும் கேட்கவில்லை. மறுநாள் கூப்பிட்டு, நாலு பேர்தான் என்று சொல்லிவிட்டேன்.

முந்நூறு ரூபாய்க்காக என்று நினைத்துவிட வேண்டாம். பல நாள் எனக்கு நானே அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். கஞ்சத்தனம் என்றால் கொஞ்சம் சின்னக் குற்றமாகத் தெரிகிறது. உண்மைக் காரணம் அம்மாவின் இருமல். மூன்றரை மணிக்கு அவளுக்கு விழிப்பு வந்துவிடும். ஜீப்புக்கு எழுந்து எழுந்து பழகிய உடம்பு. எழுந்ததும் இருமல் பிடிக்கும், வறட்டு இருமல், அரை மணி நேரம் விடாது. பனியும் மருந்து வாடையும் நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்துவிட்டது என்று அவளே சொல்வாள். பிறகு சும்மா படுத்திருக்கவும் தெரியாது. பாத்திரத்தை உருட்டுவாள், வாளியை நகர்த்துவாள், கதவைத் திறப்பாள். இரண்டு ராத்திரி நிம்மதியாகத் தூங்க வேண்டும் என்று நினைத்தேன். அமைதியான இடம் வேண்டும் என்று வீடு வீடாகப் போன் போட்டேனே, அந்த அமைதிக்கு அர்த்தம் இதுதான். என்னைப் படிக்கவைத்த உழைப்பு அவள் நெஞ்சில் விட்டுப்போன சத்தம் காதில் விழாத இடம்.

அவளிடம் சொன்னபோது அடுப்படி வாசலில் உட்கார்ந்திருந்தாள். "ரூம்ல நாலு பேருக்கு மேல விட மாட்டாங்களாம்மா. ரூல்ஸாம்" என்றேன். நம்பினாள். ஒரு நொடிகூடச் சந்தேகப்படவில்லை. "அப்ப சரிப்பா. எனக்காக நீ வேற ரூமு எடுத்துத் துட்டச் செலவழிக்காத. புள்ளைக பாத்துட்டு வரட்டும்" என்றாள். முந்தி முடிச்சை அவிழ்த்து, எட்டாக மடித்து வைத்திருந்த ஐந்நூறு ரூபாய்த் தாளைக் கொடுத்தாள். கோயில் உண்டியலில் அப்பா பேரைச் சொல்லிப் போடச் சொன்னாள். வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். என் மனைவி கேட்டதற்கு, முட்டிவலி, அம்மாவே வரவில்லை என்றுவிட்டாள் என்றேன். அது இரண்டாவது பொய்.

மதுரை அரப்பாளையத்தில் இறங்கி மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டுக்குப் போய் ராமேஸ்வரம் பஸ் ஏறினோம். பாம்பன் பழைய பாலத்தில் அப்போது ரயில் நின்று இரண்டு வருஷம் ஆகப்போகிறது. ரோட்டுப் பாலத்தில் பஸ் ஊர்ந்தபோது, பக்கத்திலேயே புதுப் பாலம் முடிகிற நிலையில் நின்றது. தங்கச்சிமடம் போனதும் அந்த வீட்டம்மா எங்களுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். "பெரியவங்க வரலியா? ஒருவேளை வந்தாலும் வருவாங்கன்னு கீழ் ரூமத்தான் உங்களுக்கு வச்சிருக்கேன்" என்றார். மூலையில் கோடு போட்ட மெத்தை ஒன்று சுருட்டிச் சாத்தியிருந்தது, அதன்மேல் துவைத்து மடித்த ஒரு போர்வை. நாங்கள் இருந்த இரண்டு நாளும் அது அங்கேயேதான் இருந்தது. என் மகன் அதை விரித்துக் குட்டிக்கரணம் போட்டு விளையாடினான்.

அந்த அறை அவர் சொன்னது போலவேதான் இருந்தது. ஓலை உரசுகிற சத்தம் மட்டும். நான் நன்றாகத் தூங்கினேன். இதை மறைக்கப் போவதில்லை. உறுத்திக்கொண்டே இருந்தது, தூக்கம் வரவில்லை என்று எழுதினால் அது இன்னொரு பொய்.

சனிக்கிழமை தனுஷ்கோடி. 1964 டிசம்பர் புயலில் அழிந்த ஊரின் சர்ச்சுச் சுவரையும் இடிபாடுகளையும் பார்த்துவிட்டு அரிச்சல்முனை போனோம். முகுந்தராயர் சத்திரத்துக்கு அப்பால் 2017 வரை தார்ரோடு கிடையாது. மணலில் வேன்தான் போகும். இப்போது பஸ்ஸே முனை வரை போகிறது. இரண்டு பக்கமும் கடல், நடுவில் கறுப்பாக ரோடு. அது ஒரு வட்டமாகச் சுற்றித் திரும்புகிற இடத்தில் சிங்கத்தூண். அதற்கு அப்பால் மணல், பிறகு தண்ணீர். அங்கே நின்று அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"ரோடு முடிஞ்சிருச்சாப்பா?"

"முடிஞ்சிருச்சும்மா."

"கடலுக்குள்ளயா போகுது?"

"இல்லம்மா, கரையிலயே வளைஞ்சு திரும்பிருச்சு."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "ரூமு சௌரியமா இருக்கா?" என்றாள். வராததற்கு அவள் ஏங்கக் கூடாது என்று நினைத்து, "ரொம்ப நெருக்கடிம்மா, ஒரே சத்தம், நீ வந்திருந்தா கஷ்டப்பட்டிருப்ப" என்றேன். மூன்றாவது பொய். இதை யாரும் கேட்கவுமில்லை, தேவையுமில்லை.

ஊருக்கு வந்த பிறகுதான் அந்தப் பொய் வளர ஆரம்பித்தது. அம்மா தெருவில் எல்லோரிடமும், ராமேசுவரத்தில் ஒரு ரூமில் நாலு பேருக்கு மேல் விடமாட்டார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ஆறு பேர் போய் வந்த ஒருத்தி இல்லை என்று சொன்னபோது, "எம் மகன் கேட்டுட்டு வந்தான்" என்று அடித்துப் பேசினாளாம். அவள் எனக்காகச் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தாள்.

2025 ஏப்ரல் 6ஆம் தேதி புதுப் பாம்பன் பாலத்தைத் திறந்ததை டிவியில் காட்டினார்கள். நடுத்தூண்களுக்கு இடையே தண்டவாளத்தோடு பாலம் மேலே எழும்ப, அடியில் கப்பல் போனது. அம்மா முறத்தில் முருங்கைக்கீரையை வைத்துக்கொண்டு உருவுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்கிறவளாக, "ஏம்ப்பா, ரயில்ல அஞ்சு பேருக்குச் சீட்டு குடுப்பாங்களா?" என்றாள்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. சொல்லிவிட்டேன். மெத்தை, கீழ் ரூம், மனைவியிடம் சொன்னது, அரிச்சல்முனையில் சொன்னது, எல்லாம். காரணத்தையும் சொன்னேன், இருமல் என்று. மனைவி அடுப்படியிலிருந்து வந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

அம்மா திட்டவில்லை. "மெத்தைக்கு எம்புட்டுக் கேட்டாங்க?" என்றாள்.

"ராத்திரிக்கு முந்நூறும்மா."

விரல் விட்டு ஏதோ எண்ணினாள். கீரையை உருவி முடித்தாள். காம்பைக் கொண்டுபோய் வெளியே கொட்டிவிட்டு வந்து படுத்துக்கொண்டாள். மணி ஏழுகூட ஆகவில்லை.

இரண்டு நாள் கழித்து, அந்தத் தங்கச்சிமடம் வீட்டுக்கே போன் போட்டு, ஐந்து பேர், கீழ் ரூம் என்று கேட்டேன். தேதி சொல்லுங்கள் என்றார். அம்மாவிடம் தேதி கேட்டால், வருகிறேன் என்றும் சொல்வதில்லை, வரவில்லை என்றும் சொல்வதில்லை. "பாப்போம்ப்பா" என்கிறாள்.

வீட்டில் ஒன்று மட்டும் மாறியிருக்கிறது. மூன்றரை மணிக்கு இப்போது எனக்கும் விழிப்பு வந்துவிடுகிறது. பின்கதவு சத்தமில்லாமல் திறக்கும். துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் நின்று, முந்தியை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு அம்மா இருமுகிறாள். மலையிலிருந்து காற்று இறங்குகிற நேரம் அது. ஜீப்புகள் முந்தல் ரோட்டில் போகிற சத்தம் கேட்கும். எழுந்து போய், "உள்ள வாம்மா, உள்ளயே இருமு" என்று கூப்பிடுகிறேன். "நீ போயி படுப்பா, காத்தாட நிக்கிறேன்" என்கிறாள்.