வண்ணமீனுக்கும் பொருத்தம் பார்க்கணும்! கொளத்தூர் சந்தை சொல்லும் கணக்கு

சென்னையின் வடமேற்கில், ரெட்டேரிக்கும் வில்லிவாக்கத்துக்கும் நடுவில் இருக்கிறது கொளத்தூர். ஊர் முழுக்க வீடுகள் நெருங்கிவிட்டாலும் தண்ணீரோடு இருக்கும் உறவு இங்கே அறுந்துபோகவில்லை. கொல்லைப்புறம், மொட்டை மாடி என்று கிடைத்த இடத்திலெல்லாம் சிமென்ட் தொட்டி கட்டி, வண்ணமீன் வளர்த்துப் பிழைக்கும் குடும்பங்கள் இங்கே ஏராளம். இந்தியாவின் முக்கியமான வண்ணமீன் மையங்களில் கொளத்தூரும் ஒன்று. இடம் போதாமல், திருவள்ளூர் மாவட்டக் கிராமங்கள் வரைக்கும் இந்தத் தொழில் பரவிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் சந்தை களைகட்டும். ஆக்சிஜன் அடைத்த பாலித்தீன் பைகளில் கப்பி, மோலி, ஏஞ்சல், தங்கமீன் என்று வரிசைகட்டி நிற்கும். பெரும்பாலானவர்கள் கேட்கும் முதல் கேள்வி, ‘எது அழகா இருக்கும்?’ என்பதுதான். அனுபவப்பட்ட வளர்ப்பாளர் பதிலுக்கு மூன்று கேள்வி கேட்பார். ‘தொட்டி எத்தனை அடி? போர் தண்ணியா, குழாய்த் தண்ணியா? ஏற்கெனவே என்ன மீன் இருக்கு?’ இதற்குப் பதில் தெரியாமல் வாங்கிப்போன மீன், பல வீடுகளில் ஒரே வாரத்தில் மிதந்துவிடுகிறது. வாங்கியவருக்குப் பணம் நஷ்டம். விற்றவருக்கு ஒரு வாடிக்கையாளர் நஷ்டம்.

கட்லா, ரோகு, மிர்கால் கணக்குதான்!

பண்ணைக்குட்டையில் கூட்டு மீன் வளர்ப்பு செய்பவர்களுக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. கட்லா மேல்மட்டத்தில் மேயும், ரோகு நடுவில், மிர்கால் அடியில். ஒன்றின் இரையில் இன்னொன்று வாய் வைக்காது. விரால் புகுந்துவிட்டால் மட்டும் குஞ்சு மிஞ்சாது. கண்ணாடித் தொட்டியும் ஒரு சின்னக் குட்டைதான். கப்பி பெரும்பாலும் மேல்மட்டத்தில் திரியும். பிளாட்டியும் டெட்ராவும் நடுவில் நீந்தும். கொரிடோரஸ் என்கிற குட்டிக் கெளுத்தி அடியில் துழாவும்.

மட்டம் பார்த்தாயிற்று என்றால், அடுத்துப் பார்க்க வேண்டியவை தண்ணீர், வாய், குணம் என்ற மூன்று பொருத்தங்கள்.

தண்ணீர்ப் பொருத்தம்: கெட்டியாக உப்படிக்கும் போர்வெல் தண்ணீர் கப்பி, மோலி, பிளாட்டி, வாள்வால் ஆகிய நான்குக்கும் ஏற்றது. இவை முட்டையிடாமல் நேரடியாகக் குஞ்சு போடும் இனங்கள். அமேசான் காடுகளிலிருந்து வந்த நியான் டெட்ராவுக்கோ உப்புக் குறைந்த, மென்மையான தண்ணீர் வேண்டும். தங்கமீனுக்குக் குளிர்ச்சி பிடிக்கும். கழிவும் அதிகம் போடும். ஆகவே, 24 முதல் 28 டிகிரி வெப்பத்தில் வாழும் மற்ற மீன்களோடு அதைச் சேர்ப்பது இரு தரப்புக்கும் நல்லதல்ல.

வாய்ப் பொருத்தம்: வாய்க்குள் அடங்குவது எதுவாக இருந்தாலும் மீனுக்கு அது இரைதான். சட்டைப் பொத்தான் அளவில் வாங்கிவரும் ஏஞ்சல், வளர்ந்ததும் நியான் டெட்ராவை ஒவ்வொன்றாக விழுங்கிவிடும். விரல் நீளத்தில் விற்கும் ஆஸ்கார், ஒரு அடி வரை வளரும். அதனால், கடையில் இருக்கும் அளவைப் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. வளர்ந்தபின் என்ன அளவு என்று கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

குணப் பொருத்தம்: டைகர் பார்ப் துறுதுறுப்பான மீன். ஒன்றிரண்டாக விட்டால் மற்ற மீன்களின் துடுப்பைக் கடிக்கும். ஆறு, எட்டு என்று கூட்டமாக விட்டால் தங்களுக்குள்ளேயே சண்டை போட்டுக்கொள்ளும். அப்போதும், நீளத் துடுப்புள்ள ஏஞ்சல், கப்பி, ஃபைட்டர் பக்கத்தில் அதை விடக் கூடாது. ஃபைட்டரில் இரண்டு ஆண்களை ஒரே தொட்டியில் போட்டால், ஒன்று சாகும்வரைகூட சண்டை நீளும். கப்பி, மோலி வகைகளில் ஒரு ஆணுக்கு இரண்டு, மூன்று பெண் என்ற கணக்கு வேண்டும். இல்லாவிட்டால், ஆண்கள் துரத்தித் துரத்தியே பெண் மீன் இளைத்துவிடும்.

இரண்டடித் தொட்டிக்கு ஒரு கூட்டணி

2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரமுள்ள தொட்டியில் சுமார் 50 லிட்டர் தண்ணீர் நிற்கும். போர் தண்ணீர் உள்ள வீடு என்றால் இரண்டு ஆண், நான்கு பெண் கப்பியும், ஒரு ஆண், மூன்று பெண் பிளாட்டியும் போதும். இவை பெருகிக்கொண்டே போகும் என்பதால், தொடக்கத்திலேயே தொட்டியை நிறைத்துவிடக் கூடாது. மென்மையான தண்ணீர் என்றால் நியான் டெட்ரா எட்டு, கொரிடோரஸ் ஆறு, ஹனி கொராமி ஒரு ஜோடி விடலாம். இந்த இரண்டு கூட்டணியையும் கலக்காமல் இருப்பதே பாதி வெற்றி.

தொட்டி வாங்கிய அன்றே மீன் விடுவதுதான் பலருக்கும் வினையாகிறது. வயலில் போட்ட யூரியா, அமோனியாவாகி, பிறகு மண்ணில் உள்ள பாக்டீரியாக்களால் நைட்ரேட்டாக மாறுவது விவசாயிக்குத் தெரியும். தொட்டியிலும் அதே வேலைதான் நடக்கிறது. மீன் கழிவில் வரும் அமோனியா, மீனுக்கு விஷம். அதை மாற்றும் பாக்டீரியாக்கள் ஃபில்டர் பஞ்சிலும் மணலிலும் குடியேற 3 முதல் 6 வாரம் பிடிக்கும். அதுவரை செடி வைத்து, ஃபில்டரை ஓடவிட்டு, தினமும் துளி தீவனம் தூவிவர வேண்டும். பிறகு, இரண்டு மூன்று மீன்களாகச் சேர்த்துக்கொண்டே போகலாம். பஞ்சைக் குழாய்த் தண்ணீரில் கழுவினால் அதிலுள்ள குளோரின் அந்தப் பாக்டீரியாக்களைக் கொன்றுவிடும். தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரிலேயே அலச வேண்டும்.

புதிதாக வாங்கிய மீனை இரண்டு வாரம் தனி டப்பில் வைத்துக் கவனித்துவிட்டுச் சேர்ப்பது பாதுகாப்பு. சந்தையில் வாங்கிய ஆட்டை அன்றைக்கே மந்தையில் விடாமல் தனியாகக் கட்டிவைப்பதைப் போலத்தான் இதுவும்.

வளர்க்க நினைப்பவர்களுக்கு

இந்தப் பொருத்தக் கணக்கு, வாங்குபவருக்கு மட்டுமல்ல. வளர்த்து விற்க நினைக்கும் விவசாயிக்கும் உதவும். கிணற்றுத் தண்ணீர் கெட்டியாக இருந்தால், அதை மாற்றச் செலவு செய்வதைவிட, அதற்கேற்ற மோலி, கப்பி, பிளாட்டியில் தொடங்குவது புத்திசாலித்தனம். கப்பி ஏறக்குறைய நான்கு வாரத்துக்கு ஒருமுறை குஞ்சு போடும். தாயே குஞ்சைத் தின்னும் என்பதால், வலைத்தடுப்பு கட்டிப் பிரிக்க வேண்டும். எந்த மீன் எதோடு சேரும் என்று சொல்லி விற்பவரிடம்தான் வாங்கியவர் திரும்ப வருவார்.

கடைசியாக, ‘தொட்டியைச் சுத்தம் செய்யும்’ என்று சொல்லி விற்கப்படும் சக்கர் மீன். விரல் அளவில் வரும் இது, ஒரு அடியைத் தாண்டி வளரும். இரண்டடித் தொட்டி தாங்காது. வளர்ந்ததும் பலர் ஏரியிலோ குளத்திலோ விட்டுவிடுகிறார்கள். அப்படித் தப்பிய மீன்தான் இன்று தமிழகத்தின் பல நீர்நிலைகளில் பெருகி, நாட்டு மீன்களின் இரையில் பங்கு கேட்கிறது. முள் துடுப்பால் மீனவர்களின் வலையையும் கிழிக்கிறது. வளர்க்க முடியாத எந்த வண்ணமீனையும் கிணற்றிலோ கண்மாயிலோ விடாமல், வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுவதுதான் ஊருக்கு நல்லது.