நேமோர் ஏன் மறுபடியும் போனான்?

இரண்டு வில்லன்கள் கூட்டுச் சேர்ந்தால் கதை எப்படி முடியும் என்பது பெரும்பாலும் நமக்கு முன்பே தெரியும். கொள்ளையைப் பங்கு போடும்போது அடித்துக்கொள்வார்கள். கடைசிப் பக்கத்தில் நாயகன் வந்து இருவரையும் பிடித்துக் கொடுப்பான். மார்வெல் காமிக்ஸில் டாக்டர் டூமும் நேமோரும் கைகோக்கும் கதைகளை நான் திரும்பத் திரும்பப் படிப்பதற்குக் காரணம், அங்கே பங்கு போடக் கொள்ளை எதுவும் இல்லை. இருவரும் அரசர்கள். டூமுக்கு ஐரோப்பாவில் லாட்வேரியா என்ற சின்ன நாடு, நேமோருக்குக் கடலடியில் அட்லாண்டிஸ். பணம் அவர்களுக்கு ஒரு பொருட்டே இல்லை. அவர்களைச் சேர்த்து வைத்தது துக்கம். பிரித்து வைத்ததும் அதே துக்கம்தான்.

லயன் காமிக்ஸில் ஸ்பைடர் என்ற குற்றவாளியின் கதைகளைப் படித்து வளர்ந்தவர்களுக்கு வில்லனின் பக்கம் நின்று கதை கேட்பது புதிதல்ல. ஆனால் ஸ்பைடர் தலைவன். கூட்டாளிகளான பெல்ஹாமும் ஆர்டினியும் அவனுக்குக் கீழ்ப்பட்டவர்கள். இங்கே இருப்பவர்கள் தலைவணங்கத் தெரியாத இரண்டு பேர்.

நேமோர்தான் மூத்தவன். 1939-இல் பில் எவரெட் உருவாக்கிய பாத்திரம். தாய் அட்லாண்டிஸ் இளவரசி, தந்தை அமெரிக்கக் கப்பல் தலைவர். தரையும் கடலும் கலந்த பிறப்பு என்பதால் எந்தப் பக்கமும் அவனுக்கு முழுசாகச் சொந்தமில்லை. நெடுங்காலம் வெளிவராமலிருந்த அவனை 1962-இல் ஸ்டான் லீயும் ஜாக் கிர்பியும் ‘ஃபென்டாஸ்டிக் ஃபோர்’ 4-ஆம் இதழில் திரும்பக் கொண்டுவந்தார்கள். நியூயார்க்கில் ஏழைகள் அடைக்கலம் தேடும் விடுதி ஒன்றில், நினைவு தப்பி, தாடி மண்டிப்போய்க் கிடக்கிறான் ஒருவன். ஃபென்டாஸ்டிக் ஃபோர் என்ற நால்வர் குழுவில் இளையவனான ஜானி ஸ்டார்ம் தன் விரல் நெருப்பால் அந்தத் தாடியை மழிக்கிறான். உள்ளே நேமோரின் முகம்! கடலில் கொண்டுபோய்ப் போட்டதும் நினைவு திரும்புகிறது. நேமோர் ஆவலோடு வீட்டுக்கு நீந்திப் போகிறான். அங்கே அட்லாண்டிஸ் இடிந்து கிடக்கிறது, மக்களைக் காணோம். மேலே மனிதர்கள் வெடித்துப் பார்த்த அணுகுண்டுகள் செய்த வேலை. அமெரிக்கா பசிபிக் தீவுகளில் நிஜமாகவே அணுகுண்டுச் சோதனைகள் நடத்திய ஆண்டு அது. அதனால்தான் அந்தப் பக்கத்தை வெறும் கற்பனை என்று என்னால் கடந்துபோக முடிவதில்லை.

டூம் அடுத்த இதழிலேயே வந்துவிட்டான். ஆனால் அவன் பின்கதை 1964-இல்தான் சொல்லப்பட்டது. நாடோடிக் கூட்டத்தில் பிறந்தவன். தந்தை வைத்தியர். பிரபுவின் மனைவியைக் காப்பாற்ற முடியாமல் போனதால், உயிருக்குப் பயந்து மகனைத் தூக்கிக்கொண்டு பனிமலைக்கு ஓடுகிறார். தன் போர்வையை மகனுக்குச் சுற்றிவிட்டுத் தான் குளிரில் விறைத்துச் சாகிறார். அந்தப் பையன் வளர்ந்து அமெரிக்காவில் படிக்கப் போகிறான். அவன் செய்த இயந்திரத்தின் கணக்கில் பிழை இருப்பதாகச் சக மாணவன் ரீட் ரிச்சர்ட்ஸ் (பின்னாளில் அந்த நால்வரின் தலைவன்) எச்சரிக்கிறான். காதில் வாங்காமல் இயக்குகிறான். அது வெடித்து முகம் சிதைகிறது. அன்று முதல் இரும்பு முகமூடி. தவறு தன்னுடையது என்று அவன் ஒப்புக்கொள்ளவில்லை. ரீட்தான் சதி செய்தான் என்பது அவன் கட்சி.

இந்த இருவரும் முதன்முதலாகச் சேர்வது அதே தொடரின் 6-ஆம் இதழில். டூம் கடலில் நேமோரைத் தேடிக் கண்டுபிடிக்கிறான். மிரட்டவில்லை, விலை பேசவில்லை. இழந்த ராஜ்ஜியத்தை நினைவூட்டுகிறான். காணாமல்போன மக்களைப் பற்றிப் பேசுகிறான். கோபம் கொஞ்சம் ஆறியிருந்த நேமோருக்குள் அது மறுபடியும் பற்றிக்கொள்கிறது. நான் இந்த இடத்தில் எப்போதும் நின்றுவிடுவேன். ஏனென்றால் டூம் சொன்னதில் ஒரு பொய்கூட இல்லை. அத்தனையும் நடந்தவை. அடுத்தவர் துக்கத்தை அறிந்துகொள்வதற்கும் அதில் பங்கெடுப்பதற்கும் உள்ள தூரம் எவ்வளவு என்பதை லீயும் கிர்பியும் ஒரு சிறுவர் பத்திரிகையின் சில கட்டங்களில் காட்டிவிட்டார்கள்.

காந்தவிசைக் கருவி ஒன்றை நேமோர் எடுத்துச் சென்று, நால்வர் குடியிருக்கும் பாக்ஸ்டர் கட்டடத்தில் வைக்கிறான். கட்டடம் அடியோடு பெயர்ந்து வானத்துக்குப் போகிறது. உள்ளே நால்வர் மட்டுமல்ல, நேமோரும் இருக்கிறான். டூமின் கணக்கில் தனக்கு இணையான எவனும் மிஞ்சக் கூடாது. அப்போது நேமோர் வெளியே பாய்ந்து, விண்கல் விட்டு விண்கல் தாவி டூமின் கலத்தை அடைகிறான். டூமை விரட்டிவிட்டுக் கட்டடத்தைப் பழைய இடத்திலேயே கொண்டுவந்து இறக்குகிறான். தன்னைக் காப்பாற்றிக்கொள்ள முடிந்தவன், தான் அழிக்க வந்தவர்களையும் சேர்த்துக் காப்பாற்றினான் என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

இவ்வளவுக்குப் பிறகும் நேமோர் டூமிடம் போனான். 1975-இல் மார்வெல் ‘சூப்பர்-வில்லன் டீம்-அப்’ என்ற தொடரையே தொடங்கி, இந்த ஜோடியை அதன் நடுவில் வைத்தது. ஏமாந்தவன் மறுபடியும் ஏமாறப் போகிறான் என்று நினைத்துப் படித்தால் கதை கைநழுவிவிடும். நேமோர் எதையும் மறக்கவில்லை. அவன் நிலைமை அப்படி. மணமகள் டோர்மா கொல்லப்பட்டுவிட்டாள். பின்னாளில் அவன் கண்டடைந்த அவன் மக்கள் நச்சுவாயுவில் சிக்கி, சாகாமலும் பிழைக்காமலும் நினைவற்றுக் கிடக்கிறார்கள். அவன் உடலும் மாறிப்போய், தனிக் கவசம் இல்லாமல் தண்ணீருக்கு வெளியே இருக்க முடியாது. மக்களை எழுப்பும் அறிவு டூமிடம் இருக்கிறது. வேறு வாசல் இல்லை.

மார்வெல் உலகத்தில் நேமோரைப் போல வீறாப்புக்காரன் கிடையாது. அவனே டூமுக்குக் கட்டுப்படுவதாக வாக்குக் கொடுத்து லாட்வேரியாவில் இருக்கிறான். அவனை மீட்க ஃபென்டாஸ்டிக் ஃபோர் வருகிறார்கள். அவர்களைத் தடுப்பது டூமின் படையல்ல. அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ஹென்றி கிஸ்ஸிஞ்சர்! 1976-இல் வந்த அந்த இதழில், ஸ்டீவ் எங்கிள்ஹார்ட்டின் எழுத்தில், அமெரிக்கா டூமோடு உடன்படிக்கை செய்துகொள்கிறது. நாயகர்கள் வெறுங்கையோடு திரும்புகிறார்கள். பனிப்போர்க் காலத்தில் வல்லரசுகள் கொடுங்கோலர்களோடு கைகுலுக்கியதைப் பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி புரிந்திருக்கும்.

1977-இல் டூம் அட்லாண்டிஸ் மக்களை எழுப்பிவிடுகிறான். அதுவரை அவனை வெறுத்துக்கொண்டே வந்த நான் அங்கே கொஞ்சம் தடுமாறினேன். அதற்குப் பிறகும் இருவரும் பிரிந்தார்கள், சண்டையிட்டார்கள், 2008-இல் நார்மன் ஆஸ்பார்ன் என்ற இன்னொரு வில்லன் கூட்டிய ரகசியக் குழுவில் மறுபடியும் ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள். ஒவ்வொரு முறையும் எழுத்தாளர்கள் மாறினார்கள். ஆனால் டூமுக்கும் நேமோருக்கும் இடையிலான அந்த இழுபறி மாறவே இல்லை.

காரணத்தை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன். பட்ட துன்பத்தை டூம் ஓர் உரிமைப் பத்திரம் போல வைத்திருக்கிறான்: எனக்கு இத்தனை நடந்தது, அதனால் நான் எதையும் செய்யலாம். நேமோருக்கு அது கடன். உயிரோடு இருக்கும் தன் மக்களுக்கு அவன் பட்டிருக்கும் கடன். அந்தக் கடனுக்காக அவன் தன் கர்வத்தையே விட்டுக்கொடுக்கிறான். டூம் உலகத்தையே பிடித்துக் காட்டுவான். ஆனால் “நான் செய்தது தவறு” என்ற ஒரு வார்த்தை அவன் வாயிலிருந்து வராது. அதனால்தான் இந்தக் கூட்டணி ஒவ்வொரு முறையும் உடைகிறது. நேமோருக்கு வேண்டியது கிடைத்ததும் அவன் விலக முடியும். டூமுக்கு வேண்டியது எங்கேயும் கிடைக்காது.

எதிரிக்கு எதிரி நண்பன் என்று சொல்லிப் பழகிவிட்டோம். அரசியலிலும் உறவுகளிலும் அதை நம்பிக் கைகொடுத்து நொந்தவர்கள் நம்மிடையே நிறையப் பேர். நம் வலியை அச்சு அசலாகச் சொல்லத் தெரிந்தவனைக் கண்டால் மனம் இளகிவிடுகிறது. அவன் அந்த வலியை வைத்து என்ன செய்யப் போகிறான் என்று கேட்க மறந்துவிடுகிறோம். 1962-இல் நேமோரும் கேட்கவில்லை. 1975-இல் எல்லாம் தெரிந்தேதான் போனான். இந்த இரண்டு போக்குக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் நான் முதிர்ச்சி என்பேன்.

2022-இல் டெனோச் ஹுவெர்டா நேமோராகத் திரைக்கு வந்துவிட்டார். டூமாக ராபர்ட் டௌனி ஜூனியர் நடிப்பார் என்று 2024-இல் அறிவித்தார்கள். இருவரும் மோதும் காட்சிகளைப் படமாக்குவது சினிமாவுக்குச் சுலபம். நான் பார்க்க விரும்புவது வேறு. தன் மக்கள் கண் திறக்க வேண்டும் என்பதற்காக, தன்னை ஒருமுறை கொல்லப் பார்த்தவனிடமே போய் வாக்குக் கொடுத்தானே, அந்த அரசனைக் காட்ட வேண்டும். வில்லன் என்று பெயர் சூட்டப்பட்ட ஒருவன் செய்த மிகப் பெரிய காரியம் அது.